சிஞ்ஞோரா நித்திரை என்று சொன்ன புதன்கிழமை

வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இந்தக் கோடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். எப்படித் தூக்குவது, எப்படிப் புரட்டுவது, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, இதெல்லாம் இரண்டு மாதத்தில் உங்கள் கைகளே படித்துக்கொள்ளும். என் கைகளும் அப்படித்தான் படித்தன. பிறகு ஒரு நாள் இடுப்பும் நாரியும் போதும் என்றன. ஐம்பதுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்க, நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் மனம் ஓடுகிறது. ஓடுகிற மனம் அடிக்கடி போய் முட்டுவது ஒரு கதவில். இத்தாலியில், பலேர்மோ நகரின் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், நான்காம் மாடியில், பித்தளைக் கைப்பிடி வைத்த கதவு. அங்கே நான் செய்த பிழையை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையில் எல்லோரும் சொல்கிற ஒரு பொய் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லித் தந்தவள் இரண்டாம் மாடியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்த மன்னார்க்காரி. என் வயதுதான். வாய் மட்டும் என்னைவிட இருபது வயது கூடியது.

“மச்சாள், இஞ்சை முதல் படிக்க வேண்டிய இத்தாலியன் என்ன தெரியுமோ? போன் ஜோர்னோ இல்லை. ‘சிஞ்ஞோரா நித்திரை.’ அதைப் பிழையில்லாமல் சொல்லிப் பழகு. மிச்சமெல்லாம் தன்ர பாட்டிலை வரும்.”

“பொய் எல்லோ?”

“பொய்தான். பாவசங்கீர்த்தனத்திலை ஒவ்வொரு முறையும் சொல்லுறன். சுவாமியார் சிரிக்கிறார். அவருக்கும் ஆரோ கதவிலை அப்பிடிச் சொல்லித்தான் அனுப்பியிருக்கினம்.”

அந்தப் பொய்யை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டிருக்கும் நேரத்தில் மணி அடித்தால் வேறு என்ன சொல்வீர்கள்? குளியலறையில் அழுதுகொண்டிருக்கிறார் என்றா? நித்திரை என்பது ஒரு போர்வை. வயதானவரின் மானத்தை மூடலாம். ஆனால் போர்வை நம் கையில் இருக்கிறது. யாரை மூடுகிறோம் என்பதை ஒரு நொடியில் நாமே முடிவு செய்கிறோம். அந்த நொடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொண்ட சிஞ்ஞோராவுக்கு, அந்த வீட்டு அம்மாவுக்கு, அப்போது எழுபத்துநான்கு வயது. இடுப்பெலும்பு முறிந்து, நான்கு கால் தாங்கியைப் பிடித்து நடப்பவர். கணவர் பலேர்மோக்காரப் பொறியியலாளர், இறந்துவிட்டார். ஒரே மகன் வடக்கே, தோரினோ நகரில். ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் நான்கு மணிக்கு ஒருவர் வருவார். ஓய்வுபெற்ற குழந்தை வைத்தியர். நாங்கள் தொத்தோரே என்போம். மகன் சிறுவனாக இருந்தபோது காய்ச்சலுக்குப் பார்க்க வந்தவர், காய்ச்சல் போய் முப்பது வருடமாகியும் வருவதை நிறுத்தவில்லை.

சிஞ்ஞோரா இஸ்ரேல்காரி. தொத்தோரே பலஸ்தீனர். இருவரும் ஒரே ஊர், ஹைஃபா.

தொத்தோரே அங்கே பிறந்தவர். 1948 சித்திரையில், ஏழு வயதில், தாயின் கையைப் பிடித்துத் துறைமுகத்துக்கு இறங்கி, படகில் லெபனானுக்குப் போனவர். சிஞ்ஞோரா அடுத்த வருடம், ஒன்பது வயதில், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து அதே துறைமுகத்தில் இறங்கியவர். தாய்வழிச் சொந்தத்தில் போருக்குப் பிறகு உயிரோடு மிஞ்சியது இரண்டு பேர். அரசாங்கம் சிஞ்ஞோராவின் குடும்பத்துக்கு ஓர் அறை கொடுத்தது. யாரோ விட்டுப்போன வீட்டில்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? கோப்பி ஊற்றிக் கொடுப்பவளுக்குத் தெரியாத சரித்திரம் இல்லை. மேசையில் சீனிக்கட்டிகளை அடுக்கித் துறைமுகம் என்பார்கள். கரண்டியைச் சரித்து வைத்து, அது மலைச்சரிவுப் படிக்கட்டு என்பார்கள். மூலையில் இருந்தது பேக்கரியா தையல்கடையா என்று அரை மணி நேரம் போகும். பிறகு நோகிற இடத்துக்கு வருவார்கள். இத்தாலிய மொழியில்தான் சண்டை. என் காதில் அது எங்கள் பேச்சாகவே விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

“நீங்கள் ஓடிப் போனீங்கள். போகாதேங்கோ எண்டு மேயர் கெஞ்சினவர்.”

“கெஞ்சினவர், ஓம். அவர் கெஞ்சேக்கை மேல் தெருவிலையிருந்து சந்தைக்குள்ளை குண்டு விழுந்தது. நீர் எதைக் கேட்டிருப்பீர்? கெஞ்சினதையோ, குண்டையோ?”

“எங்களுக்குப் போக வேறை இடம் இருந்ததோ?”

“எனக்கு இருந்ததோ?”

பிறகு தொத்தோரே பிஸ்கட்டைக் கடித்து, “நமத்துப் போச்சு” என்பார். “சண்டை பிடிக்க வாற ஆளுக்கு இது காணும்” என்பார் சிஞ்ஞோரா.

அறுபத்தேழுப் போரில் இரண்டாம் தடவை எல்லாம் போனதையும், தொண்ணூற்றுமூன்றில் தலைவர்கள் இருவர் தொலைக்காட்சியில் கைகுலுக்கியபோது இவர்கள் கசாத்தா கேக் வெட்டி அழுததையும், பிறகு அந்தக் கைகுலுக்கல் துண்டு துண்டாக உடைந்ததையும் இப்படித்தான் நான் படித்தேன். ஒரு புதன்கிழமை தெருவில் திருவிழாப் பட்டாசு, பட்டப்பகலில், அறிவிப்பில்லாமல் வெடித்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசைக்குக் கீழே குனிந்தோம். நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிஞ்ஞோராதான் முதலில் சிரித்தார். “நீ ஏன் குனிஞ்சனி?” என்று என்னைக் கேட்டார். “கரண்டி விழுந்தது” என்றேன்.

கரண்டி விழவில்லை. நான் வன்னியில் இருந்து வந்தவள். கிபிர் என்ற குண்டு விமானத்தின் பெயர் எங்களிடத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அது இஸ்ரேலில் செய்தது என்பது பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு காலத்தில் என் மாமா, யூதர்களைப் போல எங்களுக்கும் ஒரு நாடு வேண்டும் என்பார். அண்ணன், இல்லை, நாங்கள் பலஸ்தீனர் என்பான். ஒரே பாயில் இருந்து ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு அடித்துக்கொள்வார்கள். தலைக்கு மேல் கிபிர் வந்தபோது இருவரும் ஒரே பங்கருக்குள் குதித்தார்கள். என் தங்கைக்குக் குதிக்க நேரமில்லாமல் போனது.

இதை நான் சிஞ்ஞோராவுக்குச் சொல்லவில்லை. மூன்று வருடம் அவருடைய முதுகைத் தேய்த்தேன், நகம் வெட்டினேன், சூப்பை ஊதிக் கொடுத்தேன். அவர் கெட்டவரில்லை என்று தெரியும். ஆனாலும் தொலைபேசியில் தன் மொழியில் அவர் சிரிக்கும்போது எனக்குள் ஒன்று எழுந்து நின்று கேட்கும். நான் அதைப் பிடித்து உட்காரவைப்பேன். உட்காரவைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

2014, ஆடி மாதம். காசாவில் போர். சிரோக்கோ காற்று ஆபிரிக்காவிலிருந்து தூசியை அள்ளி வந்து யன்னல் கண்ணாடியில் அப்பியிருந்தது. சிஞ்ஞோராவின் தங்கை மகள் காசாவுக்குப் பக்கத்து இஸ்ரேல் நகரமான அஷ்கெலோனில், சைரன் கேட்டுப் பதுங்குமிடத்துக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். தொத்தோரேயின் அக்கா கல்யாணம் கட்டிப் போன இடம் காசா. பேரப்பிள்ளைகள் அங்கே. தொலைக்காட்சியைச் சிஞ்ஞோரா அணைக்கவே இல்லை.

புதன்கிழமை நான்கு மணிக்கு மணி அடித்தது. திறந்தேன். தொத்தோரே. முகம் சவரம் செய்யாமல், முதல் தடவையாகக் கழுத்துப் பட்டி இல்லாமல் நின்றார். கையில் ஒரு பை, பல்லரோச் சந்தையில் வாங்கிய தட்டைப் பீச் பழங்கள்.

“இருக்கிறாவோ?”

“நித்திரை, தொத்தோரே.”

நானே எதிர்பார்க்கவில்லை. வாய் முந்திவிட்டது. உள்ளே தொலைக்காட்சி கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என் தோளுக்கு மேலால் அந்தச் சத்தத்தைப் பார்த்தார். சத்தத்தை யாரும் பார்க்க முடியாது என்பீர்கள். அவர் பார்த்தார்.

“சரி. எழும்பினால் நான் வந்தனான் எண்டு சொல்லும்.” பையைத் தந்துவிட்டு லிஃப்டைக் கூப்பிடாமல் படியால் இறங்கினார்.

“ஆர் அது?” என்று உள்ளேயிருந்து சிஞ்ஞோரா கேட்டார்.

“பழக்கடைக்காரர்.”

பிள்ளைகளே, முதல் பொய் வாய் தவறி விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பொய்க்கு நான் வாயைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். சிஞ்ஞோராவின் பிரஷருக்காகச் செய்தேன் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அன்று பிரஷர் நன்றாகத்தான் இருந்தது. காலையில் நானே பார்த்து எழுதியிருந்தேன்.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. சிஞ்ஞோரா நீலச் சட்டை போட்டு, உதட்டுக்குச் சிவப்புப் பூசி, நான்கு மணிக்கு மேசையில் இருந்தார். ஐந்தாயிற்று. “வெக்கையா இருக்கு, அதுதான்” என்றார். அதற்கடுத்த புதன்கிழமை சிவப்புப் பூசவில்லை. தொலைபேசி இருவர் வீட்டிலும் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. அவர், சிஞ்ஞோரா தன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று நினைத்தார். சிஞ்ஞோரா, அவர் இனி இந்த வீட்டுப் படியேறமாட்டார் என்று நினைத்தார். அறுபத்தாறு வருடம் இருவருக்கும் அப்படி நினைக்கப் பழக்கியிருந்தது. என் சின்னப் பொய்யை நம்பவைக்க நான் ஒரு பாடும் படத் தேவையிருக்கவில்லை.

நான்காவது வாரம் சிஞ்ஞோரா மகனோடு பேசினார். தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை வாறான். என்னைத் தோரினோவுக்குக் கொண்டுபோகட்டோ எண்டான். அங்கை நல்ல முதியோர் இல்லம் இருக்காம். ஓம் எண்டிட்டன். இஞ்சை எனக்குச் சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை.”

அன்று பின்னேரம் மன்னார்க்காரியிடம் படிக்கட்டில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

“சொல்லப் போறியோ? உனக்கு விசரோ? ஐப்பசியிலை பெர்மெசோ, வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேணும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிசிலை என்னத்தைக் காட்டுவாய், உன்ர முகத்தையோ?”

“அவ தோரினோ போனாலும் வேலை இல்லைத்தானே.”

“அது அவவா போறது. நல்ல கடிதம் தந்திட்டுப் போவா. இது நீ பொய்க்காரி எண்டு துரத்துறது. ரெண்டும் ஒண்டோ?” குரலைத் தாழ்த்தினாள். “உண்மையைச் சொல்லு. ஏன் அப்பிடிச் சொன்னனி?”

“தெரியேல்லை.”

“தெரியும் உனக்கு.”

வியாழன் பின்னேரம் எங்களுக்கு அரைநாள் விடுமுறை. வியா மக்வேதா தெரு வழியாக நடந்தேன். கடைகள் கதவைச் சாத்தியிருந்தன, வெயில் மட்டும் திறந்திருந்தது. தொத்தோரேயின் வீடு பக்கத்துச் சந்தில், மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அவரே திறந்தார். நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன். உள்ளே போனால் தண்ணீர் தருவார், குடித்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

அவர் கோபப்படவில்லை. அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது.

“அவ நித்திரை இல்லை எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. தொலைக்காட்சியை அவ ஏசிறது கேட்டது. தன்ர மந்திரிமாரை அவ ஏசிறபோது எப்பிடிக் கத்துவா எண்டு எனக்குத் தெரியாதோ?”

“பிறகேன் போனீங்கள்?”

“நீர் எனக்கொரு வழி விட்டீர். நான் அதிலை போயிட்டன். அண்டைக்கு அவவின்ர முகத்தைப் பாக்க எனக்குத் துணிவில்லை. அக்காவின்ர வீட்டுத் தெருவிலை எல்லாம் விழுந்து கிடக்கு. அவவைக் கண்டால் என்ன சொல்லுவனோ எண்டு பயம். நீர் நித்திரை எண்டீர். நன்றி எண்டு நினைச்சன்.” கதவின் சட்டத்தில் சாய்ந்தார். “பிறகு ஒவ்வொரு நாளும் வெக்கப்படுறன்.”

“புதன்கிழமை மட்டும் பாத்திருக்காமல் வாங்கோ, தொத்தோரே. ஞாயிறு அவவைக் கொண்டுபோகினம். அதுக்கு முதல் வாங்கோ.”

“நீர் ஏன் சொன்னீர்? அவவுக்காகவோ, எனக்காகவோ?”

நான் கைப்பையின் வாரை எடுத்துத் தோளில் போட்டேன்.

“அதை எனக்குச் சொல்ல வேண்டாம். அவவுக்குச் சொல்லும். அது அவவின்ர கதவு. அவவுக்குத் தெரியாமல் நான் வந்து இருந்தால், நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அவவை ஏமாத்தின மாதிரி. சொன்ன பிறகு அவ கூப்பிட்டால் வாறன்.”

பலேர்மோவில் வீட்டுக்குப் போகும் வழி அன்று மிகவும் நீண்டது. பயம் இரண்டாக இருந்தது. வேலை போகும் என்பது ஒன்று. அதைச் சமாளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், படி துடைக்கலாம், ஐப்பசிக்குள் வேறு கையெழுத்து ஒன்று கிடைக்கும். மற்றது, தங்கையை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது.

வெள்ளிக்கிழமை காலை, குளிக்கவார்க்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. தண்ணீரைத் திறந்தேன், மூடினேன். நான் உடுத்தியிருக்க, உடுப்பில்லாமல் இருக்கும் ஒருவருக்கு இதைச் சொல்லக் கூடாது என்று பட்டது. குளிக்கவார்த்து, துடைத்து, நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, தலை வாரி, கதிரையில் இருத்தி, முன்னால் நின்றேன்.

“சிஞ்ஞோரா, தொத்தோரே வந்தவர். நாலு கிழமைக்கு முதல், புதன்கிழமை. பீச் பழம் அவர் கொண்டுவந்தது. நீங்கள் நித்திரை எண்டு நான் சொன்னனான்.”

“நாலு கிழமை,” என்றார். “நாலு கிழமை நான் இந்த மேசையிலை இருந்தது உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன்?”

சொன்னேன். விமானத்தின் பெயரைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. அந்தச் சொல் அவருடைய மொழிச் சொல். தங்கையின் பெயரைச் சொன்னேன். அவள் வயதைச் சொன்னேன். “அண்டைக்குத் தொலைக்காட்சியிலை காட்டினது எனக்கு எங்கட இடம் மாதிரி இருந்தது. தொத்தோரேயைக் கண்டதும், இவர் ஏன் இந்த வீட்டுக்குள்ளை வந்து சிரிச்சுக் கதைக்க வேணும் எண்டு கோவம் வந்திட்டுது. அவருக்கு வரேல்லை. எனக்குத்தான் வந்தது.”

கீழே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தார், எஞ்சின் பிடிக்கவே இல்லை.

“மூண்டு வருஷம் இதை வைச்சுக்கொண்டோ என்ர முதுகு தேய்ச்சனி?”

“ஓம்.”

“உன்ர கை ஒரு நாளும் கடினமா இருந்ததில்லை.”

“இல்லை.”

“அது எனக்குப் பயமா இருக்கு.” கண்ணை மூடித் திறந்தார். “அந்தப் பிளேனை நான் செய்யேல்லை. விக்கவும் இல்லை. இப்பிடிச் சொல்லுறது சரி, ஆனா சொல்லேக்கை நல்லா இல்லை. அவரும் நானும் முப்பது வருஷமா இதைத்தானே செய்யிறம். நான் செய்யேல்லை எண்டு நான் சொல்லுவன். செய்தவை ஆர் எண்டு அவர் கேப்பார்.” பிறகு, குரல் உயர்ந்தது. “ஆனா அது என்ர கதவு! என்னைப் பாக்க வாற ஆளை நான் துரத்தலாம். நீ துரத்தக் கூடாது. விளங்கிச்சோ?”

“விளங்கிச்சு. நான் போகட்டோ, சிஞ்ஞோரா?”

“எங்கை போறாய்? தொலைபேசியைக் கொண்டுவா.”

இலக்கங்களை அவரே அழுத்தினார். ஒரே வரி: “அவள் சொல்லிப்போட்டாள், வாரும்.” வைத்துவிட்டார்.

ஞாயிறு மகன் வந்து, அம்மா பெட்டி கட்டாமல் இருப்பதைப் பார்த்து, கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பிப் போனது பிறகு நடந்தது. என் ஒப்பந்தம் ஐப்பசியில் புதுப்பிக்கப்பட்டதும் பிறகுதான். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தத் தொலைபேசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் இதெதுவும் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அப்படி ஒரு மணி நேரம் வரும். அப்போது வேலையைக் காப்பாற்றுகிற பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். என்னிடம் அறிவுரை இல்லை. ஒன்று மட்டும் தெரியும். நாம் பார்த்துக்கொள்ளும் ஆட்களுடைய பகையையும் நட்பையும் நாம் நடத்தக் கூடாது. அவர்கள் சண்டைக்குள் நம் சண்டையை ஒளித்துவைக்கவும் கூடாது. ஒளித்தால், அவர்களுக்கும் விளங்காமல் நமக்கும் விளங்காமல் யாரோ படியிறங்கிப் போய்விடுவார்கள்.

மணி அடித்தது. நான் போகத் திரும்பினேன்.

“நில். நான் திறக்கிறன்.”

தாங்கியைப் பிடித்து எழுந்தார். கதவு வரையான நடைவழி அவருக்கு ஒரு நாட்டின் நீளம். நடுவில் நின்று மூச்சு வாங்கினார். மணி இரண்டாம் தடவை அடிக்கவில்லை. வெளியே நிற்பவருக்குத் தாங்கியின் சத்தம் கேட்டிருக்க வேண்டும். நான் பின்னால் நடந்தேன், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், தொடாமல்.

திறந்தார். தொத்தோரே கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். இருவரும் கை கொடுக்கவில்லை.

“அக்காவின்ர பிள்ளையள்?” என்றார் சிஞ்ஞோரா.

“உயிரோடை இருக்கினம். வீடு இல்லை. அஷ்கெலோனிலை?”

“இருக்கிறாள். நித்திரை கொள்ளுறேல்லையாம்.” தாங்கியைக் கொஞ்சம் ஒதுக்கி, “தொலைக்காட்சியிலை நான் கண்டதெல்லாத்துக்கும் உம்மட்டை நியாயம் சொல்லப் போறேல்லை இண்டைக்கு. நாளைக்குச் சொன்னாலும் சொல்லுவன்.”

“நான் விடமாட்டன்.”

“தெரியும். உள்ளை வாரும்.”

நான் வழமைபோல் குசினிப் பக்கம் போனேன். சிஞ்ஞோரா கூப்பிட்டார். கோப்பிக்கு என்று நினைத்தேன். மேசையின் மூன்றாவது கதிரையைத் தாங்கியின் காலால் தள்ளிக் காட்டினார்.

“இரு. எனக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லு. அரைவாசியிலை விட்டனி.”

தொத்தோரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

“எங்கையிருந்து தொடங்கிறது?” என்று கேட்டேன்.

“நீ எங்கை இருந்தனியோ, அங்கையிருந்து” என்றார் சிஞ்ஞோரா.

நான் பங்கருக்குள்ளிருந்து தொடங்கினேன்.